ரேடியேட்டருக்கு முன்னும் பின்னும்

விமானத்தை விலைக்கு வாங்காமல் வீட்டுக் கொட்டகையிலேயே தம் கையால் கட்டிப் பறப்பவர்கள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கட்டுமான வேலையில் பாதிக்கு மேல் தாமே செய்தவர்களுக்கு, அந்த விமானத்தைச் சோதனை வகையில் பதிவு செய்து பறக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. 1953-இல் பால் போபெரஸ்னி மில்வாக்கி நகரில் தொடங்கிய சோதனை விமானச் சங்கம் இவர்களை ஒன்றுசேர்த்து வளர்த்தது. இவர்களில் பெரும்பாலோர் லைகமிங், கான்டினென்டல் போன்ற, காற்றாலேயே குளிர்கிற விமான இன்ஜின்களைப் பொருத்துகிறார்கள். அவற்றின் விலை கட்டுப்படியாகாதவர்களும் புதியதைச் செய்துபார்க்கும் ஆர்வம் உள்ளவர்களும் சுபாரு கார் இன்ஜினையோ மஸ்டாவின் சுழல் இன்ஜினையோ மாற்றியமைத்துக்கொள்கிறார்கள். இந்த இன்ஜின்களுக்குத் தண்ணீரும் கிளைக்காலும் கலந்த கூலன்ட் வேண்டும். கூலன்டைக் குளிர்விக்க ரேடியேட்டர் வேண்டும். தரையில் ஒழுங்காக ஓடிய இன்ஜின், முதல் முறை மேலேறும்போதே கொதிநிலையை நெருங்குவது இத்தகைய விமானங்களில் பலரும் சந்திக்கிற சிக்கல். உடனே மனதில் தோன்றும் தீர்வு, இன்னும் பெரிய ரேடியேட்டர். என் வாதம் வேறு. குறை பெரும்பாலும் ரேடியேட்டருக்கு வெளியே இருக்கிறது: அதற்குக் காற்றைக் கொண்டுவரும் வழியிலும், சூடான காற்றை வெளியேற்றும் வழியிலும். பள்ளி இயற்பியல் போதும், இதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

முதலில் வெப்பக் கணக்கு. 100 குதிரைத்திறன், அதாவது 75 கிலோவாட் தரும் ஒரு கார் இன்ஜின் முழு வேகத்தில் ஓடும்போது மணிக்குச் சுமார் 20 கிலோ பெட்ரோலை எரிக்கும். ஒரு கிலோ பெட்ரோலில் ஏறக்குறைய 43 மெகாஜூல் ஆற்றல் உண்டு. ஆகவே உள்ளே போகும் ஆற்றல் சுமார் 240 கிலோவாட். அதில் 75 மட்டுமே ப்ரொபெல்லரைச் சுழற்றுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகப் போய்விடுகிறது. எண்ணெயும் இன்ஜினின் மேற்பரப்பும் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன. கூலன்டின் பங்காக 45 கிலோவாட் வரும் என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினுக்கு இன்ஜின் இது மாறும் என்றாலும், தண்டுக்குக் கிடைக்கும் திறனில் பாதிக்கு மேல் என்பது வடிவமைப்பைத் தொடங்க நியாயமான அளவு. இந்த வெப்பத்தைச் சிறிது நேரம் கூலன்டிலேயே தேக்கி வைத்துச் சமாளிக்க முடியாதா என்றால், முடியாது. 10 லிட்டர் கூலன்டின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 35 கிலோஜூல் போதும். காற்றோட்டம் நின்றுபோனால் அது வினாடிக்கு ஒரு டிகிரிக்கும் மேலாகச் சூடேறும்; அரை நிமிடத்தில் எல்லையைத் தாண்டிவிடும். உற்பத்தியாகும் வெப்பம் அந்தந்தக் கணமே வெளியேறியாக வேண்டும்.

அதை எடுத்துச் செல்வது காற்று. வெயில் 40 டிகிரி அடிக்கும் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். ரேடியேட்டரின் அளவைக் குளிர்ந்த நாளுக்குக் கணக்கிட்டால் பயனில்லை. கூலன்ட் 95 டிகிரியில் உள்ளே வருகிறது. 40 டிகிரியில் நுழையும் காற்று 80 டிகிரியில் வெளியேறுவதாகக் கொண்டால், ஒவ்வொரு கிலோ காற்றும் 40 கிலோஜூல் வெப்பத்தைச் சுமந்து போகும். 45 கிலோவாட்டை அகற்ற வினாடிக்கு 1.1 கிலோ காற்று, அதாவது சுமார் ஒரு கன மீட்டர் தேவை. ரேடியேட்டரின் கோர் என்று மெக்கானிக்குகள் சொல்லும், மெல்லிய குழாய்களும் தகடுகளும் நெருக்கமாக அடுக்கிய பகுதிக்குள் இந்தக் காற்று வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் நுழைந்தால், அதன் முகப்பு 1,250 சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அதாவது 35 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம். நல்ல கனமான கோர் ஒன்று இந்த வேலையைச் செய்துவிடும். கூலன்டை இன்னும் சூடாக ஓட விட்டால் கோர் சிறிதாகலாம். 95 டிகிரிக்குப் பதில் 110 டிகிரி என்றால் கூலன்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வேறுபாடு 55-லிருந்து 70 ஆகிறது. அழுத்த மூடியும் கிளைக்கால் கலவையும் கொதிநிலையை உயர்த்தி அதற்கு இடம் தருகின்றன. சிலிண்டர் தலைப்பகுதி தாங்கும் அளவுதான் எல்லை. இதுவரை கடினமாக எதுவும் இல்லை. இந்த அளவுள்ள கோர் எந்தக் கார் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும்.

கடினம் இனிமேல்தான். அந்த ஒரு கன மீட்டர் காற்றைக் கோருக்குள் தள்ளுவது எது? பறக்கும் விமானத்தில் அதற்குக் கிடைப்பது வேகத்தால் பிறக்கும் இயக்க அழுத்தம் மட்டுமே. மேலேறும்போது 90 நாட் வேகம், அதாவது வினாடிக்கு 46 மீட்டர் என்றால், சூடான காற்றில் அது 1,200 பாஸ்கல். 180 நாட்டில், அவ்வளவு சூடில்லாத காற்றில் சமதளமாகப் பறக்கும்போது நான்கு மடங்குக்கு மேல், சுமார் 5,250 பாஸ்கல். இன்ஜின் மிக அதிக வெப்பம் தரும் நேரத்தில் காற்றின் அழுத்தம் மிகக் குறைவாகவும், வெப்பம் தணிந்த நேரத்தில் அழுத்தம் மிக அதிகமாகவும் இருக்கிறது. இந்த முரண்தான் பிரச்சினையின் வேர். மேலேற்றத்துக்கு ஏற்றபடி கோரைத் திறந்த காற்றில் நிறுத்திவிட்டால் என்ன? 1,250 சதுர சென்டிமீட்டர் முகப்பின் மீது 5,250 பாஸ்கல் அழுத்தம் 650 நியூட்டனுக்கும் மேலான விசை. காற்றில் ஒரு பகுதி கோருக்குள்ளேயே கடந்து போய்விடுவதால் பாதியைக் கழித்துவிட்டாலும், வினாடிக்கு 93 மீட்டர் வேகத்தில் அந்தப் பின்னிழுப்பை வெல்ல 30 கிலோவாட் வேண்டும். 75 கிலோவாட் இன்ஜினில் ஐந்தில் இரண்டு பங்கைத் தன் ரேடியேட்டரை இழுக்கவே செலவிடும் விமானம் 180 நாட்டை ஒருபோதும் எட்டாது. 1918-இல் பறந்த ஃபோக்கர் டி-7 கார் போல மூக்கிலேயே ரேடியேட்டரை ஏந்திச் சென்றது. அன்றைய வேகத்துக்கு அது பொறுத்தது. வேகம் கூடக் கூட அது பெருஞ்சுமையாயிற்று. 1931-இல் ஷ்னைடர் கோப்பையை வென்ற சூப்பர்மரீன் எஸ்-6பி, பின்னிழுப்பை ஒழிப்பதற்காக இறக்கையின் தோலையே ரேடியேட்டராக்கிக்கொண்டது. பந்தயத்துக்கு அது சரி. அன்றாடப் பயன்பாட்டுக்கு உதவாது.

நடைமுறைக்கு ஏற்ற விடையைத் தெளிவாகக் கணக்கிட்டு எழுதியவர் பிரிட்டனின் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த மெரிடித். 1935-இல் அவர் எழுதிய அறிக்கையின் சாரம் இது: கோரைக் குழல் போன்ற காற்றுவழிக்குள் வை, சிறிய வாயால் காற்றை எடு, கோரை அடையும் முன் அதை மெதுவாக்கு, வெளியே விடும்போது மீண்டும் வேகமாக்கு. 46 மீட்டர் வேகத்தில் ஒரு கன மீட்டர் காற்றை எடுக்க 220 சதுர சென்டிமீட்டர் வாய் போதும். அது கோரின் முகப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. காற்று விரிந்து வேகம் ஆறில் ஒன்றாகக் குறையும்போது அதன் இயக்க ஆற்றல் வீணாவதில்லை, அழுத்தமாக மாறுகிறது. உராய்வால் ஏற்படும் இழப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மெதுவான காற்று கோரைக் கடக்கும்போது இழப்பது குறைவு. கோரில் 600 பாஸ்கலும், விரியும் குழலில் கிடைத்த அழுத்தத்தின் பத்தில் ஒரு பங்கும் இழப்பு என்று வைத்தால், 180 நாட்டில் அந்தக் காற்று வினாடிக்கு 82 மீட்டர் வேகத்தில் வெளியேறும் அளவுக்கு அழுத்தம் மிஞ்சுகிறது. வெப்பத்தால் விரிந்திருப்பதால் உண்மையில் அது 88 மீட்டரை நெருங்கும். 93 மீட்டரில் வந்த காற்று 88-இல் போகிறது என்றால் ஒரு கிலோவுக்கு 5 மீட்டர்தான் நட்டம். பின்னிழுப்புக்குச் செலவாகும் திறன் 30 கிலோவாட்டிலிருந்து அரைக் கிலோவாட் அளவுக்கு இறங்குகிறது. உண்மையான விமானத்தில் வளைவுகளும் கசிவுகளும் இதைச் சில மடங்கு பெருக்கும். அப்படியும் ஆதாயம் மிகப் பெரியது. கோர் அதேதான், மாறியது அதைச் சுற்றியுள்ள தகரம் மட்டுமே.

இங்கே ஒரு மறுப்பு எழும். மெரிடித்தின் பெயரைச் சொன்னதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, ரேடியேட்டரின் வெப்பம் விமானத்தை முன்னே தள்ளும் என்ற கருத்து. 1940 அக்டோபரில் முதலில் பறந்த மஸ்டாங் போர் விமானம் அதற்குச் சான்றாகக் காட்டப்படும். வீட்டில் கட்டும் விமானங்களின் வேகத்தில் அந்த உந்துதல் கிடைக்காது, ஆகவே இந்த ஏற்பாடெல்லாம் வீண் என்பது மறுப்பு. முதல் பாதி சரி. வெப்பத்தை உந்துதலாக மாற்றும் திறன், வேகத்தால் கிடைக்கும் அழுத்த உயர்வைப் பொறுத்தது. மஸ்டாங்கின் 400 மைல் வேகத்தில், உயரத்தில், இலட்சிய நிலையிலும் அது 6 சதவீதத்தை ஒட்டியே இருக்கும்; 180 நாட்டில் ஒன்றரைச் சதவீதம்கூட இல்லை. நம் 45 கிலோவாட்டில் அதிகபட்சம் 0.65 கிலோவாட். மேலே 82 மீட்டர் 88 ஆனதன் பொருள் இதுதான். ஆனால் இதிலிருந்து எடுக்கப்படும் முடிவு தவறு. காற்றுவழியின் பயனில் பெரும்பங்கு வெப்ப உந்துதலால் வருவதில்லை. காற்றை ஒழுங்காக மெதுவாக்கி, ஒழுங்காகத் திருப்பி அனுப்புவதால் வருகிறது. அந்தப் பயன் மிதவேக விமானத்துக்கும் முழுதாகக் கிடைக்கும். 30 கிலோவாட்டைச் சேமிக்கும் ஏற்பாட்டை, அது அரைக் கிலோவாட் உந்துதலைத் தரவில்லை என்று கைவிடுவது கணக்குக்குப் பொருந்தாது.

மெதுவாக்கு என்று சொல்வது எளிது. காற்று அவ்வளவு எளிதாக இணங்காது. குறுகிய வாயிலிருந்து அகன்ற கோர் வரை சுவர்கள் வேகமாக விரிந்தால், காற்று சுவரைப் பிரிந்து நடுவில் ஒரு தாரையாகப் பாயும். அப்போது கோரின் நடுப்பகுதி மட்டும் வேலை செய்யும். ஓரங்களில் காற்று சுழன்றுகொண்டு நிற்கும். நேரான சுவர் என்றால் பக்கத்துக்கு 7 டிகிரிக்கு மேல் விரிப்பதே ஆபத்து. 15 சென்டிமீட்டர் வாயை 35 சென்டிமீட்டர் கோருடன் அப்படி இணைக்க 80 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். சிறிய விமானத்தின் மூக்கில் அவ்வளவு இடம் ஏது? குக்கெமானும் வெபரும் 1953-இல் வெளியிட்ட, விமான உந்துதலின் காற்றியக்கம் பற்றிய நூல் இதற்கு ஒரு வழி காட்டியது. வீட்டில் விமானம் கட்டுபவர்கள் இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள். குழல் வெகுதூரம் மெல்ல விரிந்து, கோரை ஒட்டிய இடத்தில் மட்டும் எக்காளத்தின் வாய் போல வளைந்து அகலலாம். அங்கே கோரின் எதிர்ப்பே காற்றை முகப்பு முழுவதும் பரவச் செய்கிறது. மெதுவாக்கும் வேலையில் ஒரு பகுதியை வாய்க்கு வெளியிலேயே முடித்துவிடவும் வழி உண்டு: உதடுகளை நன்றாக உருட்டிவிட்டால், காற்று உள்ளே நுழையும் முன்னரே சுவர் உராய்வு இல்லாமல் வேகம் குறைந்து அழுத்தம் பெறும். வாய் அமையும் இடமும் முக்கியம். விமானத்தின் உடலை ஒட்டி வரும் காற்று உராய்வால் களைத்த எல்லைப்படலம். அதில் அழுத்தமாக மாற்ற ஆற்றல் மிச்சமில்லை. மஸ்டாங்கின் வயிற்றடியில் உள்ள வாய் உடலிலிருந்து சற்று விலகி, நடுவே ஓர் இடைவெளி விட்டு நிற்பது இதனால்தான். உடலுக்குள் புதைந்த நாக்கா வகைத் திறப்பு பார்க்க அழகாக இருக்கும். விமானிக்குக் காற்று வரவும் உதவும். ரேடியேட்டரின் எதிர்ப்பை மீறிக் காற்றைத் தள்ள அது பெரும்பாலும் போதாது.

அடுத்தது கசிவு. கோரின் விளிம்புக்கும் காற்றுவழியின் சுவருக்கும் இடையில் சிறு சந்து இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றலாம். கணக்கைப் பாருங்கள். கோருக்கு முன்னும் பின்னும் 600 பாஸ்கல் வேறுபாடு இருக்கும்போது, தடையில்லாத சந்தில் காற்று வினாடிக்கு 30 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பாயும். கோருக்குள் அது 8 மீட்டர்தான். சந்தின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் கோரின் இரண்டு மூன்று சதுர சென்டிமீட்டருக்கு உரிய காற்றைத் திருடிக்கொள்கிறது. நான்கு பக்கமும் 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், கோருக்குள் போகும் காற்றில் எட்டில் ஒரு பங்குக்குச் சமமான காற்று அதைத் தொடாமலே வெளியேறும். மேலேறும்போது கையில் இருப்பது 1,200 பாஸ்கல் மட்டுமே என்ற நிலையில் இது சிறு நட்டமல்ல. சிலிகான் பசையும் ரப்பர் பட்டையும் கொண்டு ஒரு மாலைப் பொழுதில் அடைக்கக்கூடிய சந்துக்கு மாற்றாக இன்னும் இரண்டு கிலோ எடையுள்ள கோரைச் சுமப்பது அறிவுடைமை ஆகாது.

இவை எல்லாவற்றிலும் அதிகம் புறக்கணிக்கப்படுவது வெளியேறும் வழி. காற்று உள்ளே வந்துவிட்டால் எப்படியும் போய்விடும் என்று நினைக்கிறோம். உண்மையில் எவ்வளவு காற்று ஓடும் என்பதை நிர்ணயிப்பதில் பின்புறத் திறப்புக்கே பெரும் பங்கு. நம் எடுத்துக்காட்டில், மேலேறும்போது கோரைத் தாண்டியபின் மிஞ்சுவது 500 பாஸ்கலுக்கும் குறைவு. சூடாகி விரிந்த காற்று வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில்தான் வெளியேற முடியும். அதற்கு 350 சதுர சென்டிமீட்டர் திறப்பு வேண்டும். 180 நாட்டில் அதே அளவு காற்றுக்கு 120 சதுர சென்டிமீட்டர் போதும். ஒன்றுக்கு மூன்று. இந்த வேறுபாட்டை எந்த நிலையான திறப்பாலும் ஈடுகட்ட முடியாது. மேலேற்றத்துக்கு ஏற்றபடி 350-ஆகவே விட்டுவிட்டால், 180 நாட்டில் தேவையைப் போல இரண்டு மடங்கு காற்று உள்ளே புகுந்து, வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் சோர்ந்து வெளியேறும். அதற்கு 7 கிலோவாட், அதாவது 9 குதிரைத்திறனுக்கும் மேல் செலவாகும். 120-ஆக வைத்தால் மேலேறும்போது இன்ஜின் கொதிக்கும். திறந்து மூடும் ஒரு மடல் இரண்டையும் தீர்க்கிறது. மேலேறும்போது அது வெளியே நீட்டிக்கொண்டு தன் பின்னால் தாழ்ந்த அழுத்தத்தை உண்டாக்கிக் காற்றை உறிஞ்சவும் செய்யும். மஸ்டாங்கில் இந்த மடல் கூலன்டின் வெப்பநிலையைப் பார்த்துத் தானே இயங்கியது.

மடல் என்றால் கீல், கம்பி, கைப்பிடி, எடை, பழுதாகும் வாய்ப்பு. எளிமையே பாதுகாப்பு என்று நம்புகிறவர்கள் இதை ஏற்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். மேலேறும் வேகத்துக்கும் பயண வேகத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லாத, 100 நாட்டைத் தாண்டாத விமானத்துக்கு நிலையான திறப்பே போதும். அங்கே இழப்பு சிறிது. வேகம் இரட்டிப்பாகும் விமானத்துக்கு இந்த வாதம் பொருந்தாது. கம்பி அறுந்தால் திறந்த நிலைக்கே போகும்படி மடலை அமைத்துவிட்டால், அது பழுதானாலும் இன்ஜின் சூடேறாது, வேகம்தான் குறையும். கார்களில் இதெல்லாம் இல்லையே என்பது இன்னொரு மறுப்பு. 100 கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையில் போகும் கார் தன் இன்ஜின் திறனில் நாலில் ஒரு பங்கைக்கூடப் பல நேரம் கேட்பதில்லை. நின்றால் மின்விசிறி காப்பாற்றுகிறது. விமானமோ முழுத் திறனில், மெதுவான வேகத்தில், பல நிமிடங்கள் தொடர்ந்து ஏறுகிறது. லாங்-ஈஸி போலப் பின்னால் ப்ரொபெல்லர் வைத்த விமானங்களில் தரையில் நிற்கும்போது ரேடியேட்டருக்குள் காற்றைத் தள்ள முன்னால் எதுவும் இல்லை. காரில் பழகிய கோரை எடுத்துக்கொள்ளலாம். காரில் பழகிய கணக்கை எடுத்துக்கொள்ள முடியாது.

பெரிய ரேடியேட்டரை ஆதரிப்பவர்களின் வாதத்தில் உண்மை ஒன்று உண்டு. கோர் வெப்பக் கணக்குக்கே போதாத அளவு சிறிதாக இருந்தால் எந்தக் காற்றுவழியும் காப்பாற்றாது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஊகம் தேவையில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் டியூப் லெவல் போல, நிறத்தண்ணீர் ஊற்றிய ஒரு பிளாஸ்டிக் குழாயே போதும். 1,000 பாஸ்கல் என்பது தண்ணீரில் 10 சென்டிமீட்டர் உயரம். குழாயின் ஒரு முனையைக் கோருக்கு முன்னும் மறுமுனையைப் பின்னும் வைத்து 90 நாட்டில் ஏறும்போது 6 சென்டிமீட்டர் வேறுபாடு தெரிந்தால், காற்று தன் பங்கைச் செய்கிறது. அப்படியும் இன்ஜின் சூடேறினால் கோரையும் கூலன்ட் ஓட்டத்தையும் சந்தேகிக்கலாம். ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் தெரிந்தால், கோருக்குக் காற்றே போய்ச் சேரவில்லை. முன்னால் அழுத்தம் குறைவென்றால் வாயிலும் விரியும் குழலிலும் குறை; முன்னால் நிறைவாக இருந்து பின்னாலும் அதிகமாக இருந்தால் வெளியேறும் வழி குறுகியது. எந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்பதை இந்த அளவீடு நேரடியாகச் சொல்லிவிடும். இப்படி அளக்காமல் கோரை மாற்றுபவர், கேளாத கேள்விக்குப் பதில் தேடுகிறார்.

தரையை விட்டெழுந்த சில நிமிடங்களில் இன்ஜின் கொதித்து நின்றால், உயரமும் இல்லை, திரும்பிவர நேரமும் இல்லை. வசதிக்காகவும் வேகத்துக்காகவும் மட்டும் எழுதப்படும் கணக்கல்ல இது; உயிர் காக்கும் கணக்கு. காற்றுவழிக்கு வேண்டிய நீளமும் இடமும், விமானத்தின் உடலை வரையும்போதே ஒதுக்கப்பட வேண்டியவை. இன்ஜினும் எரிபொருள் தொட்டியும் இடம் பிடித்தபிறகு மிஞ்சும் மூலையில் ரேடியேட்டரைத் திணித்துவிட்டு, பிறகு அதன் அளவைப் பெருக்கிப் பெருக்கிப் பார்ப்பது பிழையைப் பின்னாலிருந்து துரத்துவதாகும். வெயில் மிகுந்த நாளின் மேலேற்றத்துக்குக் கோரின் அளவை முடிவுசெய்யுங்கள். வேகமான பயணத்துக்குக் காற்றுவழியை வடிவமையுங்கள். இரண்டையும் இணைக்கப் பின்னால் ஒரு மடலை வையுங்கள். பறக்கும் முன் சந்துகளை அடைத்து, பறக்கும்போது அழுத்தத்தை அளந்துவிடுங்கள். இந்த வரிசையில் செய்தால் கடையில் கிடைக்கும் சாதாரணக் கோரே போதும் என்பதை மேலே போட்ட கணக்கு காட்டுகிறது. கொட்டகையில் தன் கையால் விமானம் கட்டும் ஒருவருக்கு ஆய்வுக்கூடமும் காற்றுச் சுரங்கமும் கிடைக்காமல் போகலாம். மெரிடித்தின் கணக்கும் ஒரு தண்ணீர்க் குழாயும் அவருக்கு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.